இரண்டு வெண்புள்ளிகள்: ஒரு படமுடிவின் மீதான வழக்கு



கதை முடிந்தது என்பதை எழுத்திலேயே அறிவித்துவிடும் வழக்கம் தமிழ்த் திரையில் நெடுங்காலம் இருந்தது. திரையில் 'சுபம்' என்றோ 'வணக்கம்' என்றோ எழுத்துத் தோன்றும், கொட்டகையில் விளக்கெரியும், மக்கள் எழுந்து செல்வர். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. சொன்னவருடைய கடமை தீர்ந்தது. கேட்டவரும் கடன் ஏதுமின்றி வீடு திரும்பலாம் என்பதே அவ்வொப்பந்தம். திரையரங்கை விட்டு வெளியேறியபின் கதைமாந்தர்க்கு என்ன நேர்ந்தது என்று கவலைப்படும் பொறுப்பு எவருக்கும் இல்லை.

இவ்வொப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த படங்களும் உலகில் உண்டு. அவற்றைக் கண்டு வெளியே வருவோர் வாயிற்படியிலேயே வழக்காடத் தொடங்குகின்றனர். "அவள் சம்மதித்தாள்" என்பார் ஒருவர். "இல்லை, மறுத்துவிட்டாள்" என்பார் இன்னொருவர். "அது கேள்வியே அன்று" என்பார் மூன்றாமவர். இவ்வழக்கு வெறும் பொழுதுபோக்கா, அன்றி அதற்குள் ஒரு நெறி உண்டா? சொல்லாமல் விடப்பட்டதற்குப் பொருள் காண்பவர்க்கு உரிமை எவ்வளவு, எல்லை எது? கவிதை எழுதுவோரும் கவிதைக்குப் பொருள் சொல்வோரும் கூடியுள்ள இவ்வவையில் இவ்வினா அயலார் வீட்டு வினா அன்று. அதனை ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வது பயன் தரும்.

மூன்று படங்கள், ஒரு நிலநடுக்கம்

ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1940இல் தெகரானில் பிறந்தவர். 2016 ஜூலை 4ஆம் நாள் பாரிசில் மறைந்தார். அவர் குறுங்கவிதைகளும் எழுதியவர். 1987இல் அவர் எடுத்த 'நண்பனின் வீடு எங்கே?' என்னும் படத்தின் தலைப்பு பாரசீகக் கவிஞர் சோராப் செபேரியின் கவிதையிலிருந்து வந்தது. 1999இல் எடுத்த 'காற்று நம்மைச் சுமந்து செல்லும்' என்னும் படத்தின் தலைப்பு பரூக் பரூக்சாத் என்னும் பெண்கவிஞரின் கவிதைத் தலைப்பு. கவிதைக்கும் அவர் படத்துக்கும் உள்ள உறவு தலைப்போடு நிற்பதன்று என்பது பின்னர் விளங்கும்.

'நண்பனின் வீடு எங்கே?' வட ஈரானில் கொக்கர் என்னும் சிற்றூரில் எடுக்கப்பட்டது. வகுப்புத் தோழனின் குறிப்பேட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட ஒரு சிறுவன், அதனைத் திருப்பித் தர அடுத்த ஊருக்கு ஓடுவதே கதை. 1990 ஜூன் 21ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் அவ்வட்டாரத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. இறந்தோர் 35,000 பேருக்குக் குறையார் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பீடு. முந்தைய படத்தில் நடித்த சிறுவர்கள் உயிரோடு இருக்கின்றனரா என்று தேடி, ஓர் இயக்குநர் தம் மகனோடு காரில் செல்வதைக் காட்டுவது 1992இல் வந்த 'வாழ்க்கை தொடர்கிறது'. அப்படத்தின் ஒரு காட்சியைப் படமாக்கிய நாள்களைக் கதையாகக் கொண்டது 1994இல் வந்த 'ஒலிவ மரங்களினூடே'. இன்றைய வழக்குக்கு உரிய முடிவு இம்மூன்றாம் படத்தில் உள்ளது.

ஹுசைன் ஒரு கொத்தன், எழுதப் படிக்கத் தெரியாதவன், சொந்த வீடில்லாதவன். தாகிரா படிக்கும் பெண். நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்து பாட்டியோடு வாழ்பவள். ஹுசைன் பெண் கேட்டான். வீடில்லாதவனுக்கு, எழுத்தறியாதவனுக்குப் பெண் இல்லை என்று மறுக்கப்பட்டான். படத்துக்குள் எடுக்கப்படும் படத்தில் இவ்விருவருமே கணவன் மனைவியாக நடிக்கும்படி நேர்கிறது. படப்பிடிப்பின் இடைவேளைகளிலெல்லாம் அவன் பேசுகிறான், அவள் பேசுவதில்லை. வீடுள்ளோர் வீடுள்ளோரையே மணந்தால் என்ன பயன், ஒரு வீட்டில் தலையையும் மற்றொரு வீட்டில் காலையும் வைத்துத் தூங்க முடியாதே என்பது அவன் வாதம். படித்தவரைப் படிக்காதவர் மணந்தால்தானே ஒருவர்க்கொருவர் துணை என்கிறான். சம்மதமானால் கையிலுள்ள புத்தகத்தின் பக்கத்தையாவது புரட்டு என்று இறைஞ்சுகிறான். அவளிடமிருந்து தெளிவான விடை வருவதில்லை.

படப்பிடிப்பு முடிகிறது. அவள் கையில் ஒரு பூந்தொட்டியோடு ஊருக்கு நடக்கிறாள். அவன் பேசிக்கொண்டே பின்தொடர்கிறான். குன்றின் மேலிருந்து கேமரா பார்க்கிறது. ஒலிவ மரங்களைக் கடந்து, பச்சை வயலுக்குள் இருவரும் இறங்கிச் செல்கின்றனர். உருவம் சிறுத்துச் சிறுத்து முகமில்லாத இரண்டு வெண்புள்ளிகளாகின்றனர். பின்னால் செல்லும் புள்ளி முன்னால் செல்லும் புள்ளியை எட்டிப் பிடிக்கிறது. ஒரு கணம் கழிகிறது. பின்பு அப்புள்ளி திரும்பி, வந்த வழியே ஓடி வருகிறது. சிமரோசாவின் ஓபோ இசை எழுகிறது. படம் முடிகிறது. அவள் என்ன சொன்னாள் என்பது பார்வையாளரின் செவிக்கு எட்டவே இல்லை.

மூன்று கட்சிகள்

இம்முடிவைக் கண்டோர் மூன்று கட்சியாகப் பிரிகின்றனர்.

முதற் கட்சியார், அவள் சம்மதித்தாள் என்பர். அவன் திரும்பி வருவது தளர்ந்த நடையாக அன்று, ஓட்டமாக இருக்கிறது. தோற்றவன் அவ்வாறு ஓடுவதில்லை. அதுவரை இசைக்கு அதிகம் இடந்தராத படம் அக்கணத்தில் இசையைத் திறந்துவிடுகிறது. அவ்விசை இரங்கற்பா அன்று. இவையே அவர்தம் சான்றுகள்.

இரண்டாம் கட்சியார், அவள் மறுத்தாள் என்பர். சம்மதம் கிடைத்தவன் அவளோடு நடந்து செல்வான். தனியே ஏன் திரும்ப வேண்டும்? முன் சென்ற புள்ளி தன் வழியே சென்றுகொண்டுதான் இருக்கிறது. படம் முழுதும் அவன் சொல்லுக்கு இடங்கொடாதவள், கடைசி வயலில் மட்டும் மனம் மாறினாள் எனக் கொள்வதற்கு அடிப்படை இல்லை என்பது அவர்தம் வாதம்.

மூன்றாம் கட்சியார், ஆம் இல்லை என்பதே பொருந்தாத வினா என்பர். படத்தின் தொடக்கத்தில் ஒரு நடிகர் பார்வையாளரை நோக்கி நின்று, தம் பெயரைச் சொல்லி, இப்படத்தில் இயக்குநராக நடிப்பவர் தாமே என்று அறிவிக்கிறார். எனவே முதலிலிருந்தே இது படம் எடுப்பதைப் பற்றிய படம். இயக்குநரின் ஆணைக்கு உட்பட்டு நடித்த இருவர், ஆணை சென்றெட்டாத தொலைவுக்குப் போய்விட்டனர் என்பதே முடிவின் பொருள் என்பது அவர் கருத்து.

மூன்றும் அறிவுடையோர் கூறுவன. மூன்றுக்கும் படத்துக்குள் சான்று உண்டு. ஆயின் இவற்றை நிறுத்துப் பார்க்கப் படமே ஒரு தராசு தருகிறது.

இருபத்தைந்தும் அறுபத்தைந்தும்

படப்பிடிப்பில் ஹுசைன் சொல்ல வேண்டிய ஒரு வசனம் உண்டு. நிலநடுக்கத்தில் உறவினர் அறுபத்தைந்து பேரை இழந்ததாக அவன் சொல்ல வேண்டும். அவனோ இருபத்தைந்து என்கிறான். மீண்டும் எடுக்கின்றனர், மீண்டும் இருபத்தைந்து. காரணம் கேட்டால், இறந்தவர் இருபத்தைந்து பேர்தாம் என்கிறான். கலைக்கு அறுபத்தைந்து வேண்டியிருக்கிறது. மெய்க்கு இருபத்தைந்துக்கு மேல் இல்லை. உறவினரைப் புதைத்தவனின் நாவு கூட்டிச் சொல்ல மறுக்கிறது.

இக்காட்சி நகைப்பை வரவழைப்பது. ஆயினும் முடிவைப் பற்றி வழக்காடுவோர்க்கு இதுவே முதல் நெறி. படம் தந்தது இருபத்தைந்து; அதனை அறுபத்தைந்து ஆக்கும் விருப்பம் பார்வையாளர் ஒவ்வொருவர்க்கும் உண்டு. மணவிழாவைக் காண விழைபவர் ஓட்டத்தையும் இசையையும் எண்ணிக் கூட்டுகிறார்; தனியே திரும்பியதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. துயரமே உயர்ந்த கலை என நம்புபவர் தனியே திரும்பியதைக் கூட்டுகிறார், இசையை விட்டுவிடுகிறார். தமக்கு எதிரான சான்றையும் எண்ணிய பிறகே தம் முடிவைச் சொல்லும் பார்வையாளரே ஹுசைனின் நேர்மைக்கு அருகில் நிற்பவர்.

மௌனம் சம்மதமா?

இரண்டாவது நெறி இன்னும் கடுமையானது. வழக்கு எதைப் பற்றியது என்பதை மறந்துவிடலாகாது. அது ஒரு பெண்ணின் விடையைப் பற்றியது.

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்பது பழமொழி. பின்தொடரும் நாயகன் இறுதியில் வெல்வான் என்பது பல மொழிப் படங்களிலும் ஊறிய எதிர்பார்ப்பு. இவ்விரண்டையும் துணைக்கொண்டு தாகிராவின் மௌனத்தைப் படிப்பவர், படத்தைப் படிக்கவில்லை. தம் பழக்கத்தைப் படிக்கிறார். தாகிரா எப்படிப்பட்டவள் என்பதைப் படம் முன்னரே காட்டியுள்ளது. நாட்டுப்புறப் பெண்ணின் ஆடையை உடுத்தச் சொன்னபோது மறுத்து, தனக்குப் பிடித்த ஆடையே வேண்டும் என்று நிற்பவள் அவள். கணவனை 'ஐயா' என்ற பொருள்படும் மரியாதைச் சொல் சேர்த்து விளிக்கும்படி வசனம் தரப்படுகிறது. அதனை அவள் சொல்வதே இல்லை. எத்தனை முறை எடுத்தாலும் சொல்வதில்லை. ஆக, அவள் மௌனம் பேசத் தெரியாதவளின் மௌனம் அன்று. மறுக்கத் தெரிந்தவளின் மௌனம் அது. அதே வேளையில், உறவல்லாத ஆணோடு ஊரறியப் பேசுதல் ஆகாது என்னும் கட்டுப்பாடு அவளைச் சூழ்ந்துள்ளது. பாட்டியின் மறுப்பும் தலைக்கு மேல் நிற்கிறது. எனவே அம்மௌனத்தை மறுப்பென்றும் துணிய முடியாது.

இந்நிலையில் கேமரா எங்கே நிற்கிறது? அவள் முகத்துக்கு அருகே சென்று விடையைப் பறித்து வரவில்லை. குன்றின் மேலேயே நின்றுவிடுகிறது. படம் முழுதும் எல்லாரும் அவளிடம் ஏதேனும் கேட்டுக்கொண்டே இருந்தனர்: ஆடையை மாற்று, வசனத்தைச் சொல், பக்கத்தைப் புரட்டு. கடைசிக் காட்சியில் மட்டுமே அவள் சொல்ல விரும்பியதை, விரும்பியவனுக்கு மட்டும், பிறர் கேளாத இடத்தில் சொல்கிறாள், அல்லது சொல்லாதிருக்கிறாள். அந்த விடை அவளுடையது. அதனை அறியும் உரிமை ஹுசைனுக்கு உண்டு. கட்டணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்க்கு இல்லை.

இதற்கு ஒரு தடை கூறுவார் உளர். 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ஈரானியத் திரையில் உறவல்லாத ஆணும் பெண்ணும் தொட்டு நடிக்க இயலாது. ஆகவே இத்தொலைவு தணிக்கையின் விளைவேயன்றிக் கலையின் தேர்வன்று என்பர். தடை எளிதாய்த் தள்ளத் தக்கதன்று. தழுவல் ஏன் இல்லை என்பதற்கு அது விடையாகும். ஆயின் ஒரு தலையசைப்பைக் காட்டவோ, ஒரு சொல்லைக் கேட்பிக்கவோ எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. அவை இரண்டும் விடப்பட்டமை தேர்வே.

குழிக்கரையில் நிற்பவர்

வழக்கின் மறுபக்கத்தை உணர, அதே இயக்குநரின் 'செர்ரியின் சுவை'யையும் சிறிது கருத வேண்டும். 1997இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை ஜப்பானிய இயக்குநர் ஷோகெய் இமாமுராவின் 'விலாங்கு' என்னும் படத்தோடு பகிர்ந்துகொண்ட படம் அது. அமெரிக்க விமரிசகர் ராஜர் ஈபர்ட் அதற்கு நான்கில் ஒரு நட்சத்திரமே தந்தார். அறிஞரிடையேயே வழக்கு அவ்வளவு முற்றியிருந்தது.

பாதீ என்பவர் உயிர் துறக்கத் துணிந்து, தமக்கெனக் குழியும் தோண்டி வைத்துவிட்டார். மறுநாள் விடியலில் குழியருகே வந்து இருமுறை பெயர் சொல்லி அழைக்க ஓர் ஆள் வேண்டும். குரல் கொடுத்தால் கைதூக்கி விட வேண்டும். கொடாவிட்டால் இருபது மண்வெட்டி மண் தள்ள வேண்டும். படைவீரன் ஒருவன் அஞ்சி ஓடுகிறான். சமயக் கல்வி பயிலும் ஒருவர் மறுக்கிறார். அருங்காட்சியகத்தில் பணிபுரியும் பாகேரி என்னும் முதியவர், தம் நோயுற்ற பிள்ளைக்காக ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டாலும், ஒருகாலத்தில் சாகப் போன தம்மை முசுக்கட்டைப் பழங்களின் சுவை திருப்பி அனுப்பிய கதையைச் சொல்லிவிட்டே பிரிகிறார். இரவில் பாதீ குழிக்குள் படுக்கிறார். மின்னல், மழை, இருள். பின்பு வீடியோப் பதிவில் பச்சை படர்ந்த அதே குன்று, படக்குழுவினர், பாதீயாக நடித்தவர் இயக்குநருக்குச் சிகரெட் நீட்டுகிறார்.

இறந்தாரா, இல்லையா? சிகரெட் நீட்டியவர் நடிகர். அதனைக் கொண்டு பாதீ பிழைத்தார் என வாதிடல் ஆகாது. படத்துக்குள் உள்ள வலிய சான்று வேறொன்று. பாகேரியை இறக்கிவிட்ட பாதீ, அமைதியிழந்து அருங்காட்சியகத்துக்கே திரும்பி ஓடுகிறார். காலையில் வரும்போது இரண்டு சிறு கற்களையும் எறிந்து பாருங்கள், வெறுமனே உறங்கிக் கிடந்தாலும் கிடப்பேன் என்கிறார். சாகத் துணிந்தவர் தம்மை உயிரோடு புதைத்துவிடுவார்களோ என அஞ்சும் கணம் அது. அவர் பிழைத்தார் என்பதற்கு இது மெய்ப்பிப்பு ஆகாது. அவருள் ஒரு பகுதி பிழைக்க விரும்பியது என்பதற்கு மெய்ப்பிப்பு ஆகும். இவ்வளவுதான் இருபத்தைந்து. அதற்கு மேல் சொல்வதெல்லாம் அறுபத்தைந்து.

இம்முடிவு பார்வையாளரை நிறுத்தும் இடமும் கவனிக்கத் தக்கது. குழிக்குள் இருப்பவர் உயிரோடிருக்கிறாரா என அறியாமல், விடியலில் கரையில் நிற்கப்போகிறவர் பாகேரி. பார்வையாளரும் அவ்விடத்திலேயே நிறுத்தப்படுகிறார். பாகேரிக்குத் தெரியாத எதுவும் பார்வையாளர்க்குச் சொல்லப்படவில்லை. அறியாமலே அழைப்பதும், அறியாமலே கல்லெறிந்து பார்ப்பதும்தான் அவர்க்கு விதிக்கப்பட்ட தொழில்.

பூந்தொட்டி ஏந்திய சிறுவர்

திறந்த முடிவு என்றால் விடையே இல்லாத முடிவு எனச் சிலர் கொள்வர். அதுவும் பொருந்தாது. 'வாழ்க்கை தொடர்கிறது' படத்தில் தேடப்பட்ட சிறுவர்கள் கிடைத்தனரா என்பது படத்தில் சொல்லப்படவில்லை. செங்குத்தான மேட்டில் ஏறமாட்டாமல் பின்வாங்கிய கார், மறுபடியும் முயன்று ஏறிச் சுமையோடு நடப்பவரை ஏற்றிக்கொண்டு செல்வதோடு படம் முடிகிறது. ஈராண்டு கழித்து வந்த 'ஒலிவ மரங்களினூடே' படத்தில், படப்பிடிப்புக்காகப் பூந்தொட்டி கொண்டுவந்து தரும் சிறுவர்களாக அவ்விருவரும் தோன்றுகின்றனர். எந்த ஆரவாரமும் இல்லை. கட்டித் தழுவல் இல்லை. அவர்கள் உயிரோடுதான் இருந்தனர். உலகில் விடை இருந்தது. படம்தான் தன் எல்லையில் நின்றது. தனக்குத் தெரிந்ததற்கு மேல் சொல்லாதிருப்பது ஒரு படைப்புக்கு அடக்கம், அது குறையன்று.

'உரைப்பாரும் உளர்'

சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995இல் கியாரோஸ்தமி எழுதிய கட்டுரையில், பாதி படைக்கப்பட்ட திரைப்படத்தைப் பார்வையாளரே தம் கற்பனையால் நிறைவு செய்கின்றனர் என்னும் கருத்தை முன்வைத்தார். தமிழ்க் கவிதை அறிந்தோர்க்கு இது புதுவதன்று. உள்ளுறையும் இறைச்சியும் கேட்போர் நிறைவு செய்ய வேண்டிய பாதிகளே. அகப்பாட்டில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டாமை மரபு. வயலுக்குள் முகமிழந்து புள்ளியாகிவிட்ட இருவரும் ஏறத்தாழ அந்நிலையையே எய்துகின்றனர். அவர் ஹுசைனும் தாகிராவும் மட்டும் அல்லர்.

ஆயின் நிறைவு செய்யும் உரிமை, தோன்றியதைச் சேர்க்கும் உரிமை ஆகாது. இதனையும் மரபே கற்பிக்கிறது. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பர். பரிமேலழகர் தம் பொருளை நிறுவுமிடத்துப் பிறர் கொண்ட பொருளையும் எடுத்துக்காட்டி, 'என்று உரைப்பாரும் உளர்' என்னும் பாங்கில் இடங்கொடுத்து, ஏற்காவிடில் காரணம் கூறி விலக்குவார். இச்சிறு தொடரில் வழக்காடுதலின் அறம் முழுதும் அடங்கியுள்ளது. மாற்றாரை மறைக்காமை, அவர் சொல்லை அவர் சொன்னவாறே கூறுதல், மறுப்பதாயின் நூலுக்குள்ளிருந்தே காரணம் காட்டல் என்னும் மூன்றும் அதில் உள. படமுடிவைப் பற்றிய வழக்கு இம்மூன்றையும் கொண்டிருக்குமாயின், ஒருவரும் வெல்லாமலே எல்லாரும் முன்னிலும் நன்றாகப் பார்த்தவராவர். அவளுடைய ஆடையையும், அவன் எண்ணிக்கையையும், அந்த இரு கற்களையும் மீண்டும் பார்க்க வைத்தது வழக்கேயன்றோ?

கவிஞர்க்கு இதில் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. ஒன்று, முடிச்சுப் போட்டு முடிக்கும் ஆசை. நன்றாகச் சென்ற கவிதை கடைசி அடியில் நீதி சொல்லித் தானே தனக்குத் திரையிட்டுக்கொள்வதை இலக்கிய அரங்குகளில் காணாதவர் இல்லை. மற்றொன்று அதனினும் தீது: தெளிவின்மையை ஆழம் என மயங்குதல். 'ஒலிவ மரங்களினூடே' படத்தின் முடிவில் மங்கலானது ஒன்றும் இல்லை. வயல் தெளிவு, பாதை தெளிவு, ஓட்டம் தெளிவு. மறைக்கப்பட்டது ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லைத் தாங்கும் வண்ணம் முந்தைய காட்சிகள் அனைத்தும் உறுதியாகக் கட்டப்பட்டுள்ளன. எல்லாவற்றையும் மறைக்கும் கவிதைக்கு வழக்காட ஆள் வாரார்; ஒன்றை மட்டும் மறைத்து மற்றவற்றை நேர்மையாகக் காட்டும் கவிதைக்கே ஆள் வருவர்.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிலைத்திருப்பது, எல்லாரும் ஒரு பொருளையே கண்டதனால் அன்று. ஒரே கவிதைக்கு இரு பொருள் கண்டவர் அடுத்த கூட்டத்துக்கும் வந்தமையால்தான். தாகிரா என்ன சொன்னாள் என்று வினவ இனி இயக்குநரும் இல்லை. எஞ்சியிருப்பன வயலும், ஓட்டமும், அவற்றை எண்ணிக் கூட்டாமல் குறைக்காமல் காணும் கண்களுமே.